கதவைத் தட்டாமல் காத்திருந்தவர்கள்

போன இதழில், கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களிடம் தடுப்பூசி பற்றிய தகவல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்கா மாதிரி பணக்கார நாட்டில் ஒரு சமூகத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு பாதிப்பு? நவஹோ மக்கள் எங்கே இருக்கிறார்கள்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள், அவர்கள் மொழியில் மக்கள் என்று பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது அவர்கள் நிலம், சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அதில் குடியிருப்பவர்கள் 1.7 லட்சம் பேர்தான். தஞ்சாவூர் நகரத்தில்கூட அதைவிட ஜனம் அதிகம். இத்தனை பெரிய பரப்புக்கு மளிகைக் கடை என்று சொல்லும்படியாக இருந்தவை 13. பெரும்பாலான சாலைகள் மண் சாலைகள், பனி உருகினால் வண்டி புதைந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே தண்ணீர். ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. பல மைல் தள்ளிப் போய்ப் பீப்பாயில் பிடித்து, பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றிக் கொண்டுவருவார்கள், அதுதான் குடிக்க, சமைக்க, குளிக்க. இப்படி இருக்கிற வீட்டில் போய் 20 விநாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்கள் என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? அப்புறம், தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை ஒரே கூரைக்கு அடியில். ஒருவருக்கு வந்தால் ஒதுங்கிப் படுக்க இன்னொரு அறை இல்லை.

2020 மார்ச் 17 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானது. மே மாதத்தில், மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்ற கணக்கில், நியூயார்க் மாநிலத்தையே தாண்டிவிட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, போர் நடக்கிற நாடுகளுக்குப் போகிற அமைப்பு, அங்கே ஆள் அனுப்ப வேண்டி வந்தது. 2021 பிப்ரவரிக்குள் இறந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். மொத்தமே 1.7 லட்சம் பேர் உள்ள இடத்தில் ஆயிரம் பேர். அதில் வயதானவர்கள்தான் அதிகம், மொழியும் பாட்டும் சடங்கும் அவர்களிடம்தான் இருந்தன.

கேள்வி: மன்னிக்கவும், நேராகக் கேட்கிறேன். பழங்குடி மக்கள் ஊசிக்குப் பயப்படுவது படிப்பறிவு இல்லாததால்தானே? விவரம் தெரிந்தால் போட்டுக்கொள்வார்கள் இல்லையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: நேராகவே பதில் சொல்கிறேன். இல்லை.

அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு மருத்துவம் பார்ப்பதற்கென்றே அந்நாட்டு அரசு நடத்துகிற துறை ஒன்று உண்டு, இந்தியன் ஹெல்த் சர்வீஸ் என்று பெயர். அந்தத் துறையின் 12 பகுதிகளில் நான்கை மட்டும் எடுத்து அரசின் தணிக்கை அலுவலகமே பார்த்ததில், 1973 முதல் 1976 வரை 3,406 கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. சம்மதம் வாங்கிய முறை சரியில்லை, விதிகள் பின்பற்றப்படவில்லை என்று 1976-இல் அறிக்கை வந்தது. அன்று அந்த மேஜையில் படுத்த பெண்கள் இன்று பாட்டிகள். ஊசியோடு வருகிறவரைப் பார்த்து அந்தப் பாட்டி தயங்கினால் அதற்குப் படிப்பறிவு என்ன செய்யும்?

இன்னொன்று. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழ்கிற ஹவசுபாய் என்ற சின்னச் சமூகம், நவஹோக்களின் அண்டைப் பகுதிதான். சர்க்கரை நோய் ஏன் இவ்வளவு வருகிறது என்று பார்க்கிறோம் என்று சொல்லி 1990-களில் அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். அந்த ரத்தம் மனச்சிதைவு பற்றிய ஆராய்ச்சிக்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கும் போனது. தெரியவந்ததும் வழக்குப் போட்டார்கள். 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்து சமரசம் செய்துகொண்டது.

நவஹோக்களுக்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1993-இல் அந்தப் பகுதியில் திடீரென்று இளைஞர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். ஹன்டா வைரஸ், எலி மூலம் பரவுவது. கண்டுபிடிப்பதற்கு முன்பே பத்திரிகைகள் அதற்கு நவஹோ காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டன. கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கு விருந்தினராகப் போகவிருந்த நவஹோ குழந்தைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த நோயின் மூலத்தைப் புரிந்துகொள்ள உதவியதே நவஹோ பெரியவர்கள்தான். மழை அதிகமாகி பின்யோன் என்கிற பைன் மரத்தின் கொட்டை நிறையக் காய்க்கிற வருஷம் எலி பெருகும், அப்போது இப்படி ஒரு நோய் வரும், எலியை வீட்டில் அண்ட விடாதே என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது. விஞ்ஞானிகள் கடைசியில் வந்து சேர்ந்ததும் மான் எலி என்கிற அந்தக் காட்டெலியிடம்தான்.

இந்த நினைவோடு இருக்கிறவர்களிடம் போய் "நீங்கள் விழிப்புணர்வு இல்லாதவர்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் நவஹோக்களிடம் தகவலை யார், எப்படிக் கொண்டுபோனார்கள்? நான் இதழியல் படிக்கிறேன், விவரமாகச் சொன்னால் உதவும்.
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: விவரமாகவே சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் பெயர். கோவிட்-19 என்ற சொல் நவஹோ மட்டுமே பேசுகிற ஒரு பாட்டிக்கு எதையும் சொல்லாது. அவர்கள் அதற்குத் திகோஸ் ன்ட்ஸாயிகீ என்று பெயர் வைத்தார்கள். பெரிய இருமல், அவ்வளவுதான். கேட்டதும் விளங்குகிறது. இப்படிச் சொல் ஆக்குவது அவர்களுக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு ரகசியச் செய்தி அனுப்பிய நவஹோ வீரர்கள் பீரங்கி வண்டியை ஆமை என்றும் நீர்மூழ்கிக் கப்பலை இரும்பு மீன் என்றும் தங்கள் மொழியில் சொன்னவர்கள்.

அடுத்து ஆள். 1968-இல் இருந்தே அங்கே சமூக சுகாதாரப் பிரதிநிதிகள் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்தந்தச் சமூகத்து ஆட்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புவது, நம் கிராம சுகாதார செவிலியரும் ஆஷா பணியாளரும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரு வீட்டுக்குப் போகும் விதத்தைப் பாருங்கள். பழைய நவஹோ வழக்கப்படி வண்டியை வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கிப் போய்க் கதவைத் தட்டக்கூடாது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று வீட்டில் உள்ளவர் பார்த்து, அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு, தலையைச் சரி செய்துகொண்டு, கதவைத் திறந்து வெளியே வந்து நிற்பார். அதன் பிறகு இறங்கலாம். இறங்கியதும் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அல்லது பெயரோடு சேர்த்து, தன் நான்கு குலங்களைச் சொல்வார்கள். அம்மாவின் குலம், அப்பாவின் குலம், அம்மாவழித் தாத்தாவின் குலம், அப்பாவழித் தாத்தாவின் குலம். கேட்கிற பாட்டி மனதுக்குள் கணக்குப் போட்டு, அப்படியென்றால் நீ எனக்குப் பேத்தி முறை என்பாள். நம் ஊரில் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுத் திண்ணையில் உட்கார வைக்கிறோமே, அதேதான். அதற்குப் பிறகுதான் ஊசிப் பேச்சு.

அந்தப் பேச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. நவஹோக்களுக்கு ஹோஜோ என்று ஒரு கருத்து, எல்லாம் இணக்கமாக, அழகாக, சமநிலையில் இருப்பது. வாயால் சொன்ன சொல்லுக்குப் பலிக்கிற சக்தி உண்டு என்பது மரபான நம்பிக்கை. "உங்களுக்குக் காய்ச்சல் வரலாம், ஒவ்வாமை வரலாம், அபூர்வமாக உயிருக்கு ஆபத்தும் வரலாம்" என்று சம்மதப் படிவத்தை அப்படியே வாசித்தால், அது சாபம் கொடுக்கிற மாதிரி. இதை நாம் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. நல்ல நாளும் அதுவுமாக வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அதற்காக உண்மையை மறைக்கவும் முடியாது, மறைத்தால் அது பழைய துரோகத்தின் தொடர்ச்சி ஆகிவிடும். நவஹோக்களிடையே வேலை செய்கிற மருத்துவர்கள் பல வருஷமாகக் கைக்கொள்கிற வழி, மூன்றாம் ஆளை வைத்துப் பேசுவது: "இந்த ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு மறுநாள் காய்ச்சல் அடித்தது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது." தகவல் முழுசாக இருக்கிறது. எதிரே இருப்பவர் மேல் மட்டும் அது வந்து விழவில்லை. நம் சுகாதாரத் துறைப் பயிற்சிகளில் இந்த ஒரே ஒரு உத்தியைச் சொல்லிக் கொடுத்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வானொலியும் இருந்தது. கே.டி.என்.என். என்ற நவஹோ நிலையம், கைபேசி சிக்னல் கிடைக்காத மேய்ச்சல் நிலத்திலும் கேட்கும். நவஹோக்களின் அப்போதைய தலைவர் ஜொனாதன் நெஸ் வாராவாரம் இணையத்தில் மக்கள் கூட்டம் நடத்தினார், ஊசி வந்ததும் எல்லாரும் அறியத் தானும் போட்டுக்கொண்டார். பைசர் ஊசி அங்கே வந்து சேர்ந்தது 2020 டிசம்பர் நடுவில். 2021 ஏப்ரல் முடிவதற்குள் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டு தவணையும் முடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் மற்ற பல இடங்கள் அப்போது அவர்களுக்குப் பின்னால் இருந்தன.

கேள்வி: எம்ஆர்என்ஏ ஊசி நம் மரபணுவையே மாற்றிவிடும் என்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?
– வாசகி, ஈரோடு

பதில்: மாற்றாது. மரபணு நம் செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. எம்ஆர்என்ஏ அதற்குள் போவதில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரர் கையில் கொடுக்கிற துண்டுச் சீட்டு மாதிரி அது. வைரஸின் மேலே இருக்கிற ஒரு புரதத்தை மட்டும் செய்து காட்டச் சொல்லும், உடம்பு அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும், சீட்டு சில நாளில் சிதைந்துவிடும். வீட்டுப் பத்திரம் பீரோவுக்குள்ளேயே இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் எம்ஆர்என்ஏ வகையே கிடையாது.

ஆனால் இதே சந்தேகத்தை ஒரு நவஹோ கேட்டால் அதன் கனம் வேறு. 2002-இலேயே தங்கள் நிலத்தில் மரபணு ஆராய்ச்சிக்குத் தடை போட்டவர்கள் அவர்கள். ஹவசுபாய் கதை தெரிந்தவருக்கு மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அவருக்குப் பதில் சொல்கிறவர் அறிவியலை விளக்குவதோடு, உங்கள் ரத்தத்தை யாரும் எடுத்துப்போகவில்லை, எடுத்தால் எதற்கு என்று உங்கள் சபைதான் முடிவு செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நவஹோ மக்களிடம் தடுப்பூசி ஆராய்ச்சி செய்தவர்களில் நம் ஊர்ப்பக்கம் படித்த மருத்துவர் ஒருவரும் உண்டு என்று கேள்விப்பட்டேன். யார் அவர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி

பதில்: உங்கள் ஊர் ஜிப்மரில் படித்தவர்தான். டாக்டர் மதுரம் சந்தோஷம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1980-களில் அரிசோனாவின் ஒயிட் மவுன்டன் அப்பாச்சி மக்களிடையே தங்கி வேலை செய்தார். குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்த காலம். உப்புச் சர்க்கரைக் கரைசல் அமெரிக்கக் குழந்தைக்கும் வேலை செய்யும் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அடுத்து நவஹோ பகுதியில், குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தருகிற ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பூசியைச் சோதித்தார்கள். சுமார் 5,000 குழந்தைகள், 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு, முடிவுகள் 1991-இல் வெளியாயின. அந்த வருஷமே அமெரிக்கப் பழங்குடி மக்கள் நலனுக்கென ஹாப்கின்ஸில் ஒரு மையத்தையும் தொடங்கினார்.

2011 டிசம்பரில், இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்ததே பென்டாவேலன்ட், ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி, அதில் இந்த ஹிப்பும் ஒன்று. உங்கள் பேரப்பிள்ளைக்கு ஆறாவது வாரத்தில் தொடையில் போட்டிருப்பார்கள். ஹிப் தடுப்பூசி வேலை செய்யும் என்று உலகம் நம்பியதற்குப் பின்னால் அந்த நவஹோ குழந்தைகளும், சரி என்று சொன்ன அவர்கள் தாய்மாரும் இருக்கிறார்கள். இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழும்.

கொரோனா ஊசியின் சோதனையும் 2020 இலையுதிர்காலத்தில் அங்கே நடந்தது. நம்மை மறுபடியும் சோதனை எலி ஆக்குகிறார்களா என்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள், நியாயமான கோபம். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். நவஹோக்களின் சொந்த ஆராய்ச்சிப் பரிசீலனை வாரியம் 1996-இல் இருந்து இருக்கிறது, அது அனுமதித்தால்தான் எந்த ஆராய்ச்சியும் நடக்கும். கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, முடியாது என்று சொல்லவும் அதிகாரம் உள்ளவர்கள் அவர்களே.

கேள்வி: வயதானவர்களுக்கு முதலில் ஊசி என்பது எல்லா ஊரிலும் இருந்ததுதானே? அமெரிக்கப் பழங்குடி மக்கள் என்ன புதிதாகச் செய்தார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஓக்லஹோமாவில் இருக்கிற செரோக்கி மக்கள், மருத்துவப் பணியாளரோடு சேர்த்து முதல் வரிசையில் நிறுத்தியது தங்கள் தாய்மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்களை. அப்படிப்பட்டவர்கள் அப்போது சுமார் 2,000 பேர்தான் மிச்சம். ஸ்டாண்டிங் ராக் என்ற இன்னொரு பழங்குடிப் பகுதியிலும் தங்கள் லகோட்டா, டகோட்டா மொழிகளைப் பேசுகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் வந்த ஒரு கணக்கெடுப்பில், நகரத்திலும் கிராமத்திலும் உள்ள அமெரிக்கப் பழங்குடி மக்களைக் கேட்டபோது 75 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொள்வோம் என்றார்கள். என் சமூகத்துக்கு நான் செய்ய வேண்டிய பொறுப்பு என்று 74 சதவீதம் பேர் சொன்னார்கள். நம் பக்கம் விளம்பரம் எல்லாம் "உங்கள் உயிரைக் காத்துக்கொள்ளுங்கள்" என்று இருந்தது. பாட்டி போய்விட்டால் அவளோடு ஒரு மொழியும் போகும் என்பது அதைவிட நேராக நெஞ்சில் போய்த் தைக்கிறது.

கேள்வி: நீலகிரியில் நம் பழங்குடி மக்களுக்கு என்ன நடந்தது? தகவல் தமிழில் கொடுத்தாலே போதாதா?
– வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்கள். 2021 ஜூன் கடைசிக்குள், 18 வயது நிரம்பிய பழங்குடி மக்கள் சுமார் 21,000 பேருக்கு முதல் தவணை போட்டு முடித்தது அந்த மாவட்டம். ஆரம்பத்தில் வண்டியைப் பார்த்ததும் காட்டுக்குள் போய்விட்டவர்களும் உண்டு. சாதாரண வேலை இல்லை அது, நடந்து நடந்து செய்த செவிலியர்களுக்கு வணக்கம்.

தமிழில் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோடர் மொழி தனி மொழி, கோத்தர் மொழி தனி மொழி. அது ஒரு பக்கம். எந்தத் தமிழ் என்று நான் திருப்பிக் கேட்பேன். 2021-இல் எங்கள் அத்தைக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. 45 வயதுக்கு மேற்பட்ட, இணை நோய்கள் உள்ள பயனாளிகள் என்று அதில் அச்சிட்டிருந்தது. அத்தைக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும், எழுத்துக்கூட்டிக்கூட இல்லை, சரளமாக வாசித்துவிட்டு, "இதில் நம்மைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று மடித்து அரிசிப் பானை மேல் வைத்துவிட்டார். இருபது வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். நான்கு நாள் கழித்துச் செவிலியர் வந்து, "சுகர் இருக்கிறவங்க கட்டாயம் போட்டுக்கணும் அத்தை, நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க" என்றார். மறுநாள் அத்தைதான் வரிசையில் முதல் ஆள்.

கேள்வி: நான் மலைக்கிராமங்களில் வேலை பார்க்கும் செவிலியர். அடுத்து ஒரு பெருந்தொற்று வந்தால் நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, ஜவ்வாது மலைப் பகுதி

பதில்: சகோதரி, உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை, நீங்கள் ஏறுகிற மேட்டில் நான் ஒரு நாள்கூட ஏறியதில்லை. கேட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெருந்தொற்றுக்குக் காத்திருக்காமல், இப்போது போடுகிற பென்டாவேலன்டிலும் தட்டம்மை ஊசியிலும் இருந்தே தொடங்குங்கள். ஊசி போட்ட மறுநாள் அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போக முடியுமா பாருங்கள். போக முடியாவிட்டால் போன், அதுவும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்ததா, இரவில் தூங்கியதா, கொடுத்த மருந்தை எத்தனை சொட்டு ஊற்றினீர்கள், ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். குறித்துக்கொள்ள நோட்டை உடனே வெளியே எடுக்காதீர்கள், கொஞ்ச நேரம் பிள்ளையை மடியில் வைத்திருங்கள்.